ஆயாக் கொட்டகை: பேராக் தோட்டங்களில் குழந்தை வளர்த்த வரலாறு

ரப்பர் மரத்தின் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் தாராளமாகச் சுரந்து ஓடும்; சூரியன் ஏறி வெயில் உறைக்கத் தொடங்கிவிட்டால், பட்டைக்குள் இருக்கும் அழுத்தம் தணிந்து, வெட்டிய கோட்டிலேயே பால் சுணங்கி நின்றுவிடும். தாவர சாஸ்திரிகள் இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துபோகும் இந்தச் சிறிய உண்மைதான், பேராக் மாநிலத்துத் தோட்டங்களில் பிறந்த தமிழ்க் குழந்தைகள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் காலைப் பொழுதை யார் மடியில், எந்தக் கூரையின் கீழ்க் கழிக்க வேண்டும் என்பதை நிர்ணயித்தது. பால் வெட்டும் தாய் விடிவதற்கு முன்பே புறப்பட்டாக வேண்டும். முலைப்பால் குடிக்கும் சிசுவைக் கொசுவும் அட்டையும் மலிந்த காட்டுக்குள் அந்த இருட்டில் தூக்கிச் செல்வது ஆபத்து. தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தில் தனியே விட்டுச் செல்வதோ அதைவிடப் பேராபத்து. இந்த நெருக்கடியிலிருந்து பிறந்ததுதான், மலாயாத் தோட்டத் தமிழர் வாய்மொழியில் ‘ஆயாக் கொட்டகை’ என்று வழங்கிய ஸ்தாபனம்.

ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளின் பராமரிப்புக்கும் பாலர் கல்விக்கும் பொருளுதவி வேண்டும் என்ற கோரிக்கை இக்காலத்தில் எழும்போதெல்லாம், அது நேற்று முளைத்த புதிய கோரிக்கை போலவே பலரும் பேசுகிறார்கள். அப்படி அன்று. ஈப்போவைச் சுற்றியும், சுங்கை சிப்புட், கோலகங்சார், பாகான் டத்தோ, சிலிம் ரிவர் பக்கங்களிலும் இருந்த தோட்டங்களில் அந்த உதவி குறையோடும் கறையோடுமாக ஒரு காலத்தில் இருந்தது. இருந்து, பின்னர் இல்லாமல் போயிற்று. எப்படி இருந்தது, எதனால் போயிற்று என்பதை அறிந்துகொள்ளாமல் இன்றைய உதவித் திட்டங்களின் நிறைகுறைகளை எடைபோட முடியாது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய காரணம்.

மலாயாவின் ரப்பர் சரித்திரம் தொடங்குவதே பேராக்கில்தான். 1877இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 நாற்றுகளுள் 9 நாற்றுகள், அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் கோலகங்சார் இல்லத்துத் தோட்டத்தில் நடப்பட்டன. அதையொட்டிய காலத்தில் கிரியான் வட்டாரத்துக் கரும்புத் தோட்டங்களில் நம்மவர் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்துக்கொண்டிருந்தனர். ரப்பரின் விலை 1910ஆம் ஆண்டையொட்டி உச்சத்துக்கு ஏறியபோது காடுகள் வேகமாக அழிக்கப்பட்டு, அந்த இடமெல்லாம் ரப்பர் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்து கங்காணி முறை ஓங்கியதும் அக்காலத்தில்தான். ஒப்பந்தத்தில் வந்தவர்களுள் பெரும்பாலோர் தனி ஆண்கள். கங்காணியோ தன் ஊரிலிருந்தும் உறவு வட்டத்திலிருந்தும் ஆள் திரட்டியதால், மனைவியும் மக்களுமாகக் குடும்பங்கள் கப்பலேறின. குடும்பமாக வந்தவன் தோட்டத்தை விட்டு எளிதில் ஓடிப்போக மாட்டான் என்பது துரைமார்களின் கணக்கு. பெண்ணின் கை பால் வெட்டுக்கு வாகானது, அவளுக்குக் கொடுக்கும் கூலியும் குறைவு என்பது அந்தக் கணக்கின் மறுபாதி. தொழிலாளரைக் கடல் கடந்து கொண்டுவருவதற்கென்றே 1907இல் தமிழர் குடிவரவு நிதி ஒன்று சட்டப்படி நிறுவப்பட்டு, ஆளமர்த்திய முதலாளிகளிடம் வரியும் வசூலிக்கப்பட்டது. ஆளைக் கொண்டுவர ஒரு பொது நிதி கண்ட அந்த ஆட்சி, அந்த ஆளுக்குப் பிறந்த பிள்ளையை வளர்ப்பதற்கென்று அதுபோல் ஒரு பொது நிதியை உண்டாக்க நினைக்கவில்லை. பிள்ளையின் பொறுப்பு அந்தந்தத் தோட்டத்தின் தலையிலே வைக்கப்பட்டது. இந்த ஒரு தீர்மானத்தின் விளைவுகளைத்தான் நாம் இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருக்கிறோம்.

தோட்டத்துக் காலை எப்படி விடிந்தது என்பதைப் பழைய தலைமுறையினர் இன்றும் தெளிவாகச் சொல்லுவார்கள். கோழி கூவுவதற்கு முன்பே எழுந்து, அடுப்பு மூட்டி, பகலுக்கும் சேர்த்துச் சோறு பொங்கி, பெரியவர்களுக்குத் தூக்குச் சட்டியில் கட்டி வைத்துவிட்டு, பாதித் தூக்கத்திலிருக்கும் குழந்தையைத் துணியோடு சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அவள் லயத்தை விட்டு இறங்குவாள். குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்ட பிறகுதான் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுக்க முடியும். பெயர் கூப்பிட்டு முடிந்த பின் வந்தவளுக்கு அன்றைய வேலை இல்லை, வேலை இல்லையேல் கூலியும் இல்லை. ஆயா கதவைத் திறக்கும் நேரத்தைப் பொறுத்தே அந்தக் குடும்பத்தின் அன்றைய ஜீவனம் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

கொட்டகை என்ற பெயருக்கேற்ப அது பெரும்பாலும் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக, லயங்களுக்கு அருகே, தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் வந்து பார்த்துச் செல்ல வசதியான இடத்தில் அமைந்திருக்கும். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். நடக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குச் சிமெந்துத் தரையில் ஒரு பாய். பால் மாவு கரைக்க ஒரு பெரிய பாத்திரம். காட்டு வேலைக்கு உடல் வலு ஒத்துழைக்காத முதிய பெண்களையே பெரும்பாலும் ஆயாவாக நியமித்தார்கள். அந்தப் பெண்கள் கல்வி பயின்றவர்கள் அல்லர், சிசு வளர்ப்பில் பயிற்சி பெற்றவர்களும் அல்லர். ஒருத்தியிடம் ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கையோ சில இடங்களில் எந்தத் தாயும் தாங்க முடியாத அளவு. சளியும் சொறியும் வயிற்றுப்போக்கும் ஒரு குழந்தையிடமிருந்து இன்னொன்றுக்கு எளிதில் பரவின. இக்குறைகளை மறைத்து அந்தக் கொட்டகையை ஒரு பொற்காலச் சின்னமாக வர்ணிப்பது சரித்திரத்துக்குச் செய்யும் துரோகம். ஆயினும், காலையில் ஒப்படைத்த பிள்ளையை நடுப்பகலில் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது உயிரோடும் வயிறு நிறைந்தும் பெற்றுக்கொண்ட ஆயிரமாயிரம் தாய்மாருக்கு, அந்த முதிய பெண்களே தெய்வத்துக்கு அடுத்த துணையாக இருந்தனர். அவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் ஏறவில்லை என்பது நம் சமூகத்தின் மேல் நிற்கும் தீராக் கடன்.

இந்தக் கொட்டகைக்குத் தாய் பணம் கொடுத்ததில்லை. இதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த உலகப் பொருளாதார மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது. அந்த 40 காசில் அரிசி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, கடைக்காரனின் கடனையும் அடைத்த பெண்ணால் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்திருக்க முடியாது. ஆகவே ஆயாவின் சம்பளம், கொட்டகையின் கூரை, குழந்தைக்குக் கரைத்த பால் ஆகிய யாவும் அவளுடைய கூலியின் கண்ணுக்குத் தெரியாத ஒரு பகுதி. துரை செய்த தர்மம் என்று அதை எண்ணினால் தவறு. அவளுடைய உழைப்பின் விலையைக் குறைத்து, அந்தக் குறைவில் ஒரு சிறு பங்கைத் தோட்டம் கொட்டகையாகத் திருப்பித் தந்தது, அவ்வளவே.

பள்ளிக்கூடமும் இதே வழியில்தான் வந்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த, ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையுள்ள பத்துப் பிள்ளைகள் ஒரு தோட்டத்தில் இருப்பார்களாயின், அவர்களுக்குப் பள்ளி அமைத்துத் தரும்படி அத்தோட்டத்துக்கு உத்தரவிட 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழி செய்தது. சட்டம் நல்லதே, ஆனால் அது சொன்ன பள்ளி எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் கண்டிப்பு இல்லாமையால், கோயிலை ஒட்டிய ஒரு சாய்ப்பும், ஓய்ந்த நேரத்தில் பாடம் சொல்லும் ஒரு கங்காணி அல்லது தோட்டத்து எழுத்தரான கிராணியும் இருந்தால் போதும் என்று பல நிர்வாகங்கள் கருதின. அரசாங்கத்தின் மானியம் மாணவரின் வருகையையும் தேர்ச்சியையும் ஒட்டிக் கொடுக்கப்பட்டது. அதிலும், ஏழு வயது முதல் என்ற அந்த எல்லையைச் சற்று நின்று பார்க்க வேண்டும். தொட்டில் பருவத்துக்குக் கொட்டகை. ஏழுக்கு மேல் பள்ளி. நான்கு, ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன? கொட்டகையின் தொட்டிலில் அடங்காத, பள்ளியின் பலகையில் இடமில்லாத அந்தப் பிள்ளைகள், தம்பி தங்கையை இடுப்பில் சுமந்துகொண்டு லயத்து வாசலிலும் வாய்க்கால் ஓரத்திலும் திரிந்தார்கள். மனிதனின் மொழியும் எண்ணும் குணமும் உருப்பெறும் அந்த மூன்று ஆண்டுகளைச் சட்டமும் கண்டுகொள்ளவில்லை, தோட்டமும் கண்டுகொள்ளவில்லை.

1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசாங்கம் அனுப்பிய வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரியார் மலாயாவுக்கு வந்து, இந்தியத் தொழிலாளரின் நிலையை நேரில் பார்த்து, மறு ஆண்டு அறிக்கை சமர்ப்பித்தார். 1938இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறும் முறையை நிறுத்தியது. புதிய ஆள் வருவது நின்றதும், தோட்டங்கள் இங்கேயே பிறந்த பிள்ளைகளைத்தான் நாளைய தொழிலாளராக நம்ப வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் பெற்றோரோ வேறு விதமாக எண்ணத் தலைப்பட்டிருந்தனர் என்பதற்குச் சான்று, 1941இல் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத்தில் வெடித்த தோட்டத் தொழிலாளர் வேலை நிறுத்தம். கூலி உயர்வோடும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பெண்களிடம் அத்துமீறலை நிறுத்த வேண்டும் என்ற கோரிக்கைகளோடும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இடம்பெற்றிருந்தது. துப்பாக்கிக்கு முன் நின்று கேட்ட அந்த மக்கள் கல்வியைக் கூலிக்குச் சமமாக வைத்துக் கேட்டார்கள்.

யுத்தமும் ஜப்பானியர் ஆட்சியும் வந்து போயின. 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் பக்கத்து எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது. தொழிலாளருக்கென்று 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. சேமநிதி வந்த அதே 1951இல், சுதந்திர இந்தியா தன் தோட்டத் தொழிலாளர் சட்டத்தில், ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம் என்று எழுதிக்கொண்டது. இலங்கைத் தேயிலை மலைகளில் நம்மவர் ‘பிள்ளைக் காம்பரா’ என்று அழைத்ததும் இதே வகை இடம்தான். கடல் பிரித்த மூன்று தேசங்களிலும் தமிழ்த் தொழிலாளிப் பெண்ணின் குழந்தைக்கு நிழல் தந்தது முதலாளியின் நிலத்தில் நின்ற ஒரு கூரைதான். அந்த நிலம் கைமாறினால் என்னாகும் என்ற கேள்வி பேராக்கில் விரைவிலேயே எழுந்தது.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் கம்பெனிகள் பல, தங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் புறப்பட்டன. நூறு ஏக்கரும் ஐம்பது ஏக்கருமாக வாங்கிய சிறு முதலாளிகளிடம் பள்ளி நடத்தவோ ஆயா வைக்கவோ வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளர் எண்ணிக்கை குறைந்ததால் சட்டத்தின் பிடியும் தளர்ந்தது. இந்தப் பேராபத்தை முதலில் உணர்ந்து செயலில் இறங்கியவர் சுங்கை சிப்புட்டில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். தொழிலாளி மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு ஒன்றைப் பெற்றுக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு, 1960இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சேர்த்தார். சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளி எழும்ப முன்னின்றவரும் அவரே. நிலம் தொழிலாளியின் கையில் இருந்தால் லயமும் பள்ளியும் கொட்டகையும் அவன் கையில் இருக்கும் என்ற அவருடைய தீர்க்கதரிசனம் பாராட்டுக்குரியது. ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்களின் பரப்பு, பத்து வெள்ளிகளின் வேகத்தைக் காட்டிலும் பெரிது.

பின்னர் நிகழ்ந்தவை நம் நினைவுக்கு எட்டிய காலத்தவை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் வேலை இழந்து, ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு விடியற்காலை அவசரமும் இல்லை, அத்தனை கைகளும் வேண்டியதில்லை. 1980களிலும் 1990களிலும் ஈப்போவின் ஓரங்களில் இருந்த தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வெளியேறிய குடும்பங்கள் புந்தோங், சிலிபின், மெங்லெம்பு, குனோங் ராப்பாட் என்று நகரத்து மூலைகளில் வாடகைக்குக் குடியேறின. வேலை இழந்தவனுக்கு நஷ்டஈடு சில ஆயிரம் வெள்ளி கிடைத்திருக்கலாம். இலவசக் கொட்டகை போனதற்கு எந்தக் கணக்கிலும் நஷ்டஈடு எழுதப்படவில்லை. தோட்டத்தில் கூலியின் மறைமுகப் பகுதியாக இருந்த குழந்தைப் பராமரிப்பு, நகரத்தில் அவள் தன் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டிய பகிரங்கச் செலவாயிற்று. தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்டுக்குச் செல்லும் தாய்க்கு அந்தச் செலவும் இரட்டிப்பு, கவலையும் இரட்டிப்பு.

அரசாங்கம் கைகட்டி நின்றுவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 1975இல் பாடநூல் இரவல் திட்டம், 1979இல் ஏழை மாணவருக்குத் துணையுணவுத் திட்டம், 2003இல் ஏழை மாணவர் அறநிதி என்று பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குத் துணைகள் ஒவ்வொன்றாக வந்தன. 1984ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை முறைப்படுத்தியது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் அங்கமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்ப்பள்ளி வளாகங்களிலேயே கல்வி அமைச்சின் பாலர் வகுப்புகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. லயத்து வாசலில் திரிந்த அந்த ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைக்கு முக்கால் நூற்றாண்டு கழித்தேனும் ஒரு நாற்காலி கிடைத்ததை மனம் நிறைந்து வரவேற்க வேண்டும்.

ஆனால் நான்கு வயதுக்குக் கீழே நிலைமை வேறு. சட்டப்படி, ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளைச் சேர்ந்த, நான்கு வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளையேனும் கட்டணம் பெற்றுப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் பராமரிப்பு நிலையம். அங்கே ஒரு வயது நிறையாத மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருந்தாக வேண்டும். மூன்று வயது வரை ஐவருக்கு ஒருவர். பழைய கொட்டகையின் நெரிசலை அறிந்தவர்கள் இந்த விதியைப் போற்றாமல் இருக்க முடியாது. எனினும் ஒருத்தியின் முழுச் சம்பளத்தை மூன்று தாய்மார் பகிர்ந்து சுமக்கும்போது கட்டணம் எப்படி இறங்கும்? ஆதலால் புந்தோங்கிலும் சிலிபினிலும் தொழிலாளிப் பெண், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பிள்ளையை விட்டுச் செல்கிறாள். அந்தப் பாட்டி பார்ப்பது இரண்டு பிள்ளைகள், மிஞ்சினால் மூன்று. ஆகவே அவள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறாள், சட்டத்தின் வழியே வரும் உதவிக்கும் வெளியே நிற்கிறாள்.

இன்னொன்றையும் மனவருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. பராமரிப்பு நிலையத்துக்கும் பாலர் பள்ளிக்கும் செலுத்தும் கட்டணத்துக்கு வருமான வரியில் கழிவு தரும் ஏற்பாடு 2017ஆம் வரியாண்டில் 1,000 ரிங்கிட்டோடு தொடங்கி, பின்னர் 3,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. வரி செலுத்துகிறவனுக்கு இது பயன். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத துப்புரவுத் தொழிலாளிக்கும், குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தொழிற்சாலைப் பெண்ணுக்கும் இதனால் ஒரு காசும் இல்லை. யாருக்கு உதவி அதிகம் தேவையோ அவர்களை அடையாத உதவி, எவ்வளவு பெரிய தொகையாயினும் பாதி உதவியே. இந்திய சமுதாயத்துக்கென்று இயங்கும் மித்ரா, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் தனியார் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு மானியம் வழங்கியிருப்பது சரியான திசையில் வைத்த அடி. எனினும் இது ஆண்டுதோறும் ஒதுக்கீட்டையும் விண்ணப்பத்தையும் எதிர்பார்த்து நிற்கும் உதவி. தோட்டத்தோடு கட்டப்பட்ட உதவி தோட்டம் போனதும் போயிற்று. ஆண்டு ஒதுக்கீட்டோடு கட்டப்பட்ட உதவி ஒதுக்கீடு சுருங்கும் ஆண்டில் சுருங்கும். பிறந்த குழந்தையின் பேரிலேயே, அது எந்த வீட்டில் எந்த ஊரில் வளர்ந்தாலும் அதைப் பின்தொடர்ந்து செல்லும் நிரந்தர உரிமையாக இந்த உதவி அமைய வேண்டும் என்பதே நூறாண்டுத் தோட்டச் சரித்திரத்தைப் படித்த பின் எனக்குத் தோன்றும் தீர்மானமான முடிவு.

அதுவரை நாம் செய்யக்கூடியவை உண்டு. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள், 134 பள்ளிகள், இருப்பது நம் பேராக்கில்தான். அவற்றுள் பல இன்னமும் தோட்டத்தின் பெயரைத் தாங்கிக்கொண்டு, மாணவர் குறைந்து, வகுப்பறைகள் பூட்டிக் கிடக்க நிற்கின்றன. பள்ளி மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் பாலர் வகுப்பு இல்லாத இடத்தில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். கோயில் நிர்வாகங்கள், திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் மட்டும் திறக்கும் தங்கள் மண்டபங்களில் ஒரு பகுதியை வார நாட்களில் குழந்தைப் பராமரிப்புக்கு விட்டுக்கொடுக்க முன்வர வேண்டும். பிள்ளை பார்க்கும் பாட்டிமாருக்கு முதலுதவியும் சிசு உணவும் கற்றுக்கொடுத்து, நாலைந்து பேராகச் சேர்ந்து பதிவு பெற்ற நிலையம் தொடங்கப் படித்த இளைஞர்கள் கை கொடுக்க வேண்டும். விண்ணப்பப் பாரத்தை நிரப்பத் தெரியாத ஒரே காரணத்தால் தன் பிள்ளைக்குரிய மானியத்தை இழக்கும் தாய் நம் தெருவில் யாரேனும் இருந்தால், இந்த வாரமே அவள் வீட்டுக்குச் சென்று, பிறப்புச் சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் எடுத்துவைக்கச் சொல்லி, உடன் உட்கார்ந்து அந்தப் பாரத்தை நிரப்பிக் கொடுங்கள்.